லாவாவை அணைக்காதீங்க, தீ பரவுறதை மட்டும் நிறுத்துங்க

1/ போன ஞாயிறு ராத்திரி என் ஒன்பது வயசுப் பொண்ணு சாப்பிடாம படுத்துட்டா. காய்ச்சல் இல்லை, வயித்துவலி இல்லை. மைன்கிராஃப்ட்ல மூணு மாசமா கட்டின மரவீடு எரிஞ்சு போச்சு. "கேம் தானே, விடும்மா"ன்னு சொன்னேன். தப்பு. வலிக்குதுன்னு வர்ற நோயாளிகிட்ட "ஒண்ணுமில்லை, போங்க"ன்னு சொல்ற மாதிரி அது.

2/ நடந்தது இதுதான். ஹால்ல லாவா ஊத்தி ஒரு கணப்பு அடுப்பு கட்டியிருக்கா. சுத்தி கல்லு, மேல மரக்கூரை. கல்லு இருக்கே, பத்திக்காதுன்னு நினைச்சிருக்கா. ஆனா இந்த கேம்ல லாவா மரத்தைத் தொடவே வேண்டாம். கொஞ்சம் மேல, பக்கத்துல மரம் இருந்தாலே பத்த வைக்கும். அப்புறம் தீ தானா பரவும்.

3/ மறுநாள் காலையில என் முதல் யோசனை, லாவா பக்கமே போகாத மாதிரி எல்லாத்தையும் முடக்கிடலாம்னு. பெற்றோர் பலரும் அதைத்தான் செய்றோம். பொண்ணு கேட்டா: "லாவா இல்லாம நெதர் எதுக்குப்பா?" பதில் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொரு செட்டிங்கா பார்த்தேன்.

4/ நாங்க தினமும் வார்டுல செய்ற வேலைதான் இது. அதே சலைன்தான், ஆனா நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுங்கிறது ஆளைப் பொறுத்து மாறும். வேகம் தப்பினா நல்ல திரவமும் ஆபத்து. கேம்லயும் அப்படித்தான். தண்ணி ஒரு கட்டம் நகர கால் வினாடி. லாவாவுக்கு மேலுலகத்துல ஒன்றரை வினாடி, நெதர்ல அரை வினாடிதான். அங்க தூரமும் அதிகம்.

5/ மேல கத்துக்கிட்டது கீழ உதவாது. மேலுலகத்துல பக்கெட் தண்ணி ஊத்தினா தீ அணையும், லாவா கல்லாகும். நெதர்ல அதே பக்கெட்டைக் கவிழ்த்தா தண்ணி ஆவியாயிடும். அங்க காப்பாத்துறது தீ எதிர்ப்பு மருந்து. கவசம் இல்லாம லாவாவுல விழுந்தா ரெண்டு மூணு வினாடிதான், பத்து இதயமும் காலி. கீழே சிதறுற சாமானும் எரிஞ்சிடும், நெதரைட் தவிர.

6/ அதனால என் கருத்து: ஆபத்தை எடுக்காதீங்க, தப்புக்குக் கொடுக்கிற விலையைக் குறைங்க. நாங்க வெச்சது மூணு:
– தீ பரவுறது ஆஃப். விழுந்தா லாவா சுடும், ஆனா வீட்டை எரிக்காது.
– செத்தாலும் சாமான் கையிலேயே இருக்கும் கீப் இன்வென்டரி, இப்போதைக்கு ஆன்.
– ஜாவா பதிப்புல லாவாவும் தண்ணி மாதிரி தானா ஊற்றாகப் பெருகுற விதி ஒண்ணு இருக்கு. அது இயல்பாவே ஆஃப். அப்படியே விட்டுட்டோம். ஆன் பண்ணினா குளத்தை வத்த வைக்கிறது பெரும்பாடு.

7/ "அப்போ கஷ்டமே இல்லாம விளையாடுவாங்களே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனாலதான் கீப் இன்வென்டரிக்கு "இப்போதைக்கு"ன்னு போட்டேன். அதை எப்போ ஆஃப் பண்றதுன்னு அவளே சொல்லட்டும். அண்ணன் தம்பி, ஃபிரெண்ட்ஸ் சேர்ந்து விளையாடுற உலகம்னா எல்லாரையும் கேட்டுட்டு மாத்துங்க. சொல்லாம மாத்தினா அது இன்னொரு சண்டை.

8/ டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன். "தீயா? தண்ணி ஊத்து"ன்னு கேம் சொல்லித் தருது. அது பாதிதான் சரி. அடுப்புல எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, தீ மேல எகிறும். பெரியவங்க கேஸை அணைச்சு, மூடியால மூடணும். குழந்தைங்க வெளிய ஓடிவந்து ஆளைக் கூப்பிடணும்.

9/ கை சுட்டுட்டா அங்க தண்ணிதான் மருந்து. குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ், பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். லாவா பத்திப் பேசுறப்பவே இதையும் பிள்ளைங்ககிட்ட பேசிடுங்க. காது கொடுத்துக் கேப்பாங்க. என் பொண்ணு கேட்டா.

10/ அவ இப்போ புது வீடு கட்டுறா. அதே இடத்துல, அதே லாவா அடுப்பு. கூரை மட்டும் கல்லு. "தீ பரவுறதுதான் ஆஃப் ஆச்சே, அப்புறம் எதுக்கும்மா கல்லு?"ன்னு கேட்டேன். "ஒருநாள் ஆன் பண்ணுவோம்ல, அப்போ?"ன்னா.