குடவோலையும் பத்து மதிப்பெண்ணும்

இளங்கலை வரலாறு படிக்க வந்த மாணவரிடம் முதல் வாரத்தில் குடவோலை பற்றிக் கேட்டுப் பாருங்கள். சோழர் காலத்திலேயே நம்மிடம் மக்களாட்சி இருந்தது என்ற பதில் உடனே வரும். பள்ளியில் ஐந்து மதிப்பெண் வாங்கித் தந்த பதில் அது. மூன்றாண்டு கழித்தும் அதே பதில்தான் பத்து மதிப்பெண் அளவுக்கு நீண்டு வருகிறது என்றால், இடைப்பட்ட காலத்தில் கல்லூரி அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது?

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், குடவோலை முறையைச் சொல்லும் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 என்று நாம் எழுதும் எண்கள் கல்லில் கிடையாது. பராந்தகன் 907இல் பட்டமேறினான் என்று பிற சான்றுகளால் கணித்து, அதிலிருந்து பெறப்பட்டவை. மனப்பாடம் செய்த ஆண்டுக்குப் பின்னால்கூட ஒரு வாதம் இருக்கிறது என்பது பலருக்கு முதுகலையில்தான் தெரியவருகிறது.

சரி, கல்வெட்டில் பேசுவது யார்? பிராமணருக்குக் கொடையாகத் தரப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. சபையின் நிர்வாகக் குழுவான வாரியத்துக்குப் பெயர் எழுத, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. (இந்த விதியை இன்றைக்கும் கொண்டுவரலாமே என்று வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும்.) ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளின் ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறார்கள். இது வாக்கெடுப்பு அல்ல, திருவுளச்சீட்டு. அந்த நிலங்களில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் இந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அரசாணைப்படி, அரசனின் அதிகாரி உடனிருக்க எடுத்த முடிவு இது என்று கல்வெட்டே சொல்கிறது. இதன் பிறகும் மக்களாட்சி என்ற சொல்லை விட மனமில்லாதவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இனி அவர் அதற்காக வாதாட வேண்டும்.

இரண்டு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்தால் இன்னும் சுவாரசியம். முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. அடுத்ததில் 35 முதல் 70. நன்றாக நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் யார் திருத்துவார்கள்? எங்கோ இடித்திருக்கிறது. துஷ்டர்களை விலக்க என்று பொதுவாகச் சொல்வதைத் தாண்டி விவரம் இல்லை. இப்படி ஒரு விதி எழுதப்பட்டது என்பதற்குத்தான் கல் சாட்சி. விதிப்படி நடந்ததா என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்கு ஓர் ஊர் போதாது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா காவிரிப் படுகையின் அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிரம்மதேயமான, அதாவது பிராமணருக்குக் கொடையான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், அல்லூரில் ஊராரின் கூட்டுடைமையாகவும் இருந்ததைக் காட்டினார். பிறகு எ. சுப்பராயலு உள்ளிட்டோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையெல்லாம் தொகுத்து எண்ணினார். வேறெதிலும் இடம் கிடைக்காதவர் சேரும் துறை வரலாறு என்று நினைப்பவர்கள் அந்த உழைப்பை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

நம் பாடத்திட்டங்களிலும் வரலாற்று வரைவியல் என்று ஒரு தாள் உண்டு. பெரும்பாலும் கடைசி ஆண்டில் வரும் அதையும் கைடு வாங்கி உருப்போடுகிறார்கள். சான்றை ஆராய்வது எப்படி என்று நான்கு பக்கம் எழுதும் மாணவர், ஒரு சான்றைக்கூடக் கையில் எடுத்ததில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பது போலத்தான் இது.

வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'குடவோலை முறையை விவரி' என்பதை விட்டுவிட்டு, முதல் பருவத் தேர்விலேயே கல்வெட்டின் பத்து வரியை அச்சிட்டு, இதில் விடுபட்டவர்கள் யார், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். ஒரே ஆண்டில் அதற்கும் கைடு வந்துவிடும். அடுத்த ஆண்டு வேறு கல்வெட்டைக் கொடுங்கள்; நம்மிடம் கல்வெட்டுக்கா பஞ்சம்?