வயிற்றிற்கு உரிய பயிற்சி

உடற்பயிற்சி என்றவுடன் மாணவர் பலர்க்குத் திரண்ட தோளும் பரந்த மார்புமே நினைவிற்கு வருகின்றன. வயிற்றை அவர்கள் உணவிற்கு உரிய இடமாக மட்டுமே கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. வயிற்றின் முன்னும் பக்கங்களிலும் 4 இணைத் தசைகள் உள்ளன. அவை குடல் முதலிய உறுப்புகளைக் காக்கின்றன. உடலை வளைக்கவும் திருப்பவும் துணைபுரிகின்றன. முதுகுத் தசைகளோடு சேர்ந்து முதுகெலும்பை நிலைநிறுத்துகின்றன. சுமை தூக்குவோர்க்கும், நெடுநேரம் அமர்ந்து கற்போர்க்கும் இத்தசைகளின் வலிமை இன்றியமையாதது.

இவ்வலிமையைப் பெறுதற்குக் கருவி வேண்டா. பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, உள்ளங்கால்களைத் தரையில் ஊன்றிக்கொள்க. கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, மூச்சை வெளிவிட்டவாறே தலையையும் தோள்களையும் மெல்ல உயர்த்துக. தோள்பட்டைகள் தரையைவிட்டு நீங்கும் அளவே போதுமானது. இடுப்பு தரையிலேயே இருத்தல் வேண்டும். ஒரு நொடி அந்நிலையில் இருந்து, மூச்சை உள்வாங்கியவாறு மெல்ல இறங்குக. உண்டவுடன் இதனைச் செய்தல் ஆகாது.

மாணவர் பிழைபடும் இடம் ஒன்று உண்டு. "நான் 50 முறை செய்தேன், நீ எத்தனை முறை செய்தாய்?" என்று போட்டியிடுகின்றனர். எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசையால் கைகளைப் பிடரியில் கோத்துத் தலையை இழுக்கின்றனர், கழுத்து நோகின்றது. கால்களை நீட்டியபடி உடலை வீசி எழுந்து உட்காருகின்றனர். அப்பொழுது தொடையை மடக்கும் இடுப்புத் தசைகளே பெரும்பாலும் உழைக்கின்றன. அவை இழுப்பதால் கீழ்முதுகில் பளு மிகுகின்றது. வயிற்றிற்கென்று செய்த பயிற்சி முதுகிற்குத் தீங்காய் முடிகின்றது.

போட்டி ஊக்கம் தருமன்றோ எனச் சிலர் வினவுவர். தரும், ஆயின், யார் மெல்லவும் செம்மையாகவும் செய்கின்றார் என்பதில் அப்போட்டி அமையட்டும். பொருளுணராது 100 செய்யுள் ஒப்பிப்பவனினும், 10 செய்யுளைப் பொருளுணர்ந்து கற்றவனே புலமை பெறுவான். உடற்பயிற்சிக்கும் இஃதே நெறி. தொடங்குவோர் 8 முறை செய்து, இளைப்பாறி, மீண்டும் 8 முறை செய்க. வாரத்தில் 3 நாள் இவ்வாறு செய்து, வலிமை வளர வளரச் சிறிது சிறிதாக மிகுத்துக்கொள்ளலாம். வலி தோன்றின் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் கூறுக.

இப்பயிற்சி வயிற்றுக் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நம்புவோரும் உளர். தசை வலுப்பெறுமேயன்றி, அவ்விடத்துக் கொழுப்பு மட்டும் தனியே குறையாது. அதற்கு அளவான உணவும், ஓடியாடும் விளையாட்டும் வேண்டும்.

மாணவர்களே! பிறர் வியக்க எண்ணிச் சொல்வதற்காக அன்றி, உங்கள் உடல் நிமிர்ந்து நிற்பதற்காகப் பயிலுங்கள். இளமையில் முறையோடு பெறும் வலிமை பின்னாளில் பெரிதும் உதவும்.