யார் என்பதைவிட எப்படி என்பதே முக்கியம்

பூன் லே பேருந்து முனையத்தில் 179 அல்லது 199ஆம் எண் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இறங்கிவிடலாம். 2017 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கட்டமைப்புக்குள் யாரோ ஊடுருவியிருப்பது தெரியவந்தது. அதே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. வந்தவர்கள் நம் மதிப்பெண்களைத் தேடி வரவில்லை. அரசாங்கம், ஆய்வு தொடர்பான தகவல்களே அவர்களின் குறி என்று அதிகாரிகள் கூறினர். பின்னால் இருந்தவர்கள் யார் என்பது மட்டும் வெளியிடப்படவில்லை.

மறு ஆண்டு சிங்ஹெல்த். 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி போன்ற விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறக்குறைய 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைத் திருடர்கள் குறிவைத்துத் தேடியிருந்தனர். பூன் லேவாசிகள் செல்லும் பயனியர் பலதுறை மருந்தகம் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் மூன்று பொதுச் சுகாதாரக் குழுமங்களிலும் ஊழியர்களின் கணினிகளுக்கு இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. தாக்கப்படாதவர்களும் விலை கொடுத்தார்கள்.

தாக்கியது யார் என்று தெரியும், தகுந்த நடவடிக்கை எடுத்துவிட்டோம், ஆனால் பெயரைச் சொல்லமாட்டோம் என்ற நிலையைத்தான் 2019 ஜனவரியில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் எடுத்தது.

இது கோழைத்தனம் என்று வகுப்பறை விவாதங்களில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2014இல் அமெரிக்கா சீன ராணுவ அதிகாரிகள் ஐவர்மீது பெயர் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டியது. ஐவரில் ஒருவரும் அமெரிக்க நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே இரு நாடுகளும் வணிக ரகசியத் திருட்டு குறித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது வல்லரசுக்கு உள்ள கைப்பலம். சிறிய நாடான அல்பேனியா 2022 செப்டம்பரில் ஈரானைக் குற்றம்சாட்டி அரசதந்திர உறவையே முறித்துக்கொண்டது. சில நாள்களில் அதன் எல்லைச் சோதனைக் கணினி முறை மீண்டும் தாக்கப்பட்டது. பெயர் சொல்வதால் மட்டும் தாக்குதல் நின்றுவிடாது. யாருடன் வணிகம், யாருடன் பாதுகாப்பு உறவு என்றெல்லாம் கணக்குப் பார்த்தே வாழவேண்டிய நாடு நம்முடையது.

2025 ஜூலை 18ஆம் தேதி அமைச்சர் கா. சண்முகம் எடுத்த வழி இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நம் முக்கியத் தகவல் உள்கட்டமைப்பை ‘யுஎன்சி3886’ என்ற குழு தாக்கிவருகிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். எந்த நாடு என்று சொல்லவில்லை. மேண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அக்குழுவை ஏற்கெனவே சீனாவுடன் தொடர்புபடுத்தியிருந்தது. சீனத் தூதரகம் அதை மறுத்தது. குழுவின் பெயர் தெரிந்தால் மற்ற நிறுவனங்கள் அதன் தடயங்களைத் தங்கள் கணினிகளில் தேடலாம். நாட்டின் பெயரால் அந்தப் பயன் கிடையாது.

ஆகவே ‘யார்’ என்ற கேள்விக்கு அரசாங்கம் மௌனம் காக்கலாம். ‘எப்படி உள்ளே வந்தார்கள்’ என்ற கேள்விக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கக்கூடாது.

சிங்ஹெல்த் விவகாரத்தில் ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழு 450 பக்கங்களுக்குமேல் அறிக்கை வெளியிட்டது. அதைப் படித்தால் வியப்பைவிட வெட்கமே மிஞ்சும். ‘பாஸ்வர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஓரிரு எழுத்துகளை மாற்றிப்போட்டதே ஒரு நிர்வாகக் கணக்கின் மறைச்சொல்! 2017 ஆகஸ்ட்டிலேயே ஒரு கணினி வழியாகப் புகுந்தவர்கள் பல மாதங்கள் பதுங்கியிருந்தனர். 2018 ஜூனில் சில ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மேலிடத்துக்குத் தெரிவித்தால் ஆளாளுக்கு விளக்கம் கேட்டுத் துரத்துவார்களே என்று பொறுப்பில் இருந்த ஒருவர் தயங்கினார். குழுவேலையில் பிழையைக் கண்டும் ‘எதற்கு வம்பு’ என்று வாயை மூடிக்கொள்ளும் அதே பழக்கம்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இரு அமைப்புகளுக்கும் மொத்தம் ஒரு மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது.

எதிரி கெட்டிக்காரன் என்பது உண்மைதான். ஆனால் கதவைத் திறந்து வைத்தது நாம் என்பதை அந்த அறிக்கை இல்லாவிட்டால் பொதுமக்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

வெளியுலகில் பேச்சுவார்த்தையும் வேண்டும். ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் இணையவெளி விதிமுறைகள் குறித்துப் பல ஆண்டுகள் விவாதித்த பணிக்குழுவுக்குச் சிங்கப்பூரின் தூதர் புர்ஹான் கஃபூர்தான் தலைவராக இருந்தார். அது இறுதி அறிக்கையை ஒருமனதாக ஏற்ற ஒரு வாரத்தில்தான் யுஎன்சி3886 பற்றிய அறிவிப்பு வந்தது. மருத்துவமனை, மின்சாரம் போன்றவற்றைத் தாக்கக்கூடாது என்று ஒப்புக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் தாக்கும் நாடுகளும் இருக்கக்கூடும். விதி இருந்தால்தான் மீறல் என்று சொல்ல முடியும். அந்த அளவுக்கு அதனால் பயன்.

யுஎன்சி3886 குறித்த நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போது எல்லா விவரங்களையும் கேட்பது எதிரிக்கு உதவுவதாகும். அது முடிந்தபின், எந்த ஓட்டை அடைக்கப்படாமல் கிடந்தது, யாருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தவர் எத்தனை நாள் கழித்துச் சொன்னார் என்பதை 2019இல் வந்ததைப் போன்ற ஓர் அறிக்கை நமக்குச் சொல்லவேண்டும். அதில் நாட்டின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.