மரம் நட்ட போட்டோ இருக்கு, மரம் எங்கே? வட சென்னைப் பூங்காக்களுக்காக ஒரு வேண்டுகோள்

தோழர்களே,

ஜூன் 5 வந்தா நம்ம மொபைல் முழுக்க மரக்கன்றுதான். கட்சிக்காரங்க, கம்பெனிக்காரங்க, கல்லூரிக்காரங்க எல்லாரும் குழி தோண்டி, கன்று வெச்சு, இரும்புக் கூண்டு மாட்டி, அதுல கன்றைவிடப் பெரிய பெயர்ப்பலகையும் கட்டி, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. ஆடி மாசம் அந்த வழியா போய்ப் பாருங்க. கூண்டு நிக்கும். பலகை நிக்கும். கன்று இருக்காது.

யாரையும் கிண்டல் பண்ண இதை எழுதலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நம்ம ஜனங்களுக்குப் பூங்கா என்பது மூச்சுவிடும் இடம். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் மணலி ஆலைகள், நடுவே இரவும் பகலும் ஓடுகிற கன்டெய்னர் லாரிகள். பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுத்து எழும் குடும்பத்துக்கு, தெருமுனைப் பூங்காதான் வாசல், திண்ணை, மொட்டை மாடி எல்லாமே. அதனால் அங்கே நடக்கிற தொண்டு வேலை உருப்படியா நடக்கணும். அந்தத் தொண்டைக் காட்டி மாநகராட்சி தன் கடமையிலிருந்து நழுவவும் விடக்கூடாது. இந்த இரண்டையும்தான் இங்கே பேசப் போகிறோம்.

திறந்தவெளி இல்லாமல் இங்கே அரசியலே இல்லை

1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது மண்டபத்தில் அல்ல. சென்னைக் கடற்கரை மணலில். 1949 செப்டம்பரில் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. கூடிப் பேச இடம் இருந்ததால்தான் உழைக்கிற மக்கள் இயக்கமாக முடிந்தது.

அந்த இடம் எப்படிப் போகும் என்பதையும் இந்த நகரம் பார்த்திருக்கிறது. 1859-60 காலத்தில் ஆளுநர் டிரெவெல்யன், கருப்பர் நகரத்து நெருக்கடியில் வாழ்ந்தவர்களுக்காக நூறு ஏக்கருக்கும் மேலான பரப்பில் 'பீப்பிள்ஸ் பார்க்' அமைத்தார். பெயரே மக்கள் பூங்கா. பிறகு என்ன ஆச்சு? விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் சொன்னார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் மிச்சம் பார்க் டவுன் என்ற பெயரும், பார்க் ஸ்டேஷன் என்ற பெயரும்தான்.

பூங்காவை யாரும் ஒரே நாளில் பிடுங்க மாட்டாங்க. ஒரு ஓரத்தில் டிரான்ஸ்பார்மர், இன்னொரு ஓரத்தில் குப்பைத் தொட்டி, அப்புறம் ஒரு அலுவலகம், அப்புறம் ஒரு பூட்டு. ஆள் நடமாட்டம் இல்லாத பூங்காதான் முதலில் போகும். அதனால் நாம் அங்கே இருப்பதே முதல் பாதுகாப்பு.

தொண்டு நமக்குப் புதுசு இல்லை

2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் தார் மாதிரி ஒதுங்கிய கசடை மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தபோதும், அதே மீனவர்கள்தான் படகில் போய் மக்கில் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள்.

அந்த உழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். கூடவே ஒரு கேள்வியையும் கேட்கிறோம்: எந்திரம் செய்ய வேண்டிய வேலையை, கையுறைகூட சரியா இல்லாமல் மனுஷன் ஏன் செய்யணும்? தொண்டு மனசு உள்ள ஊர் என்பதற்காக, பாதுகாப்பும் கருவியும் செலவும் இல்லாமல் எல்லா வேலையையும் நம்ம தலையில் கட்டுவதை ஒப்புக்கொள்ள முடியாது. பூங்கா விஷயத்திலும் அதே அளவுகோல்தான்.

பருவம் பார்த்துச் செய்வோம்

சென்னைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபரில்தான் வரும். ஜூன் 5-ல் நட்டால் கத்திரி வெயிலின் சூடு தரையை விட்டு இன்னும் இறங்கியிருக்காது. பெருமழைக்கு நான்கு மாதம் பாக்கி. தினமும் யாராவது தண்ணி ஊத்தலைன்னா கன்று கருகத்தான் செய்யும். நம் வேலையை இனி நம் மண்ணின் காலண்டரில் போடுவோம்.

▪️ சித்திரை, வைகாசி: புதுக் கன்று வேண்டாம். போன வருஷம் நட்டதுக்குத் தண்ணி ஊத்துவதுதான் வேலை. நீர்மோர்ப் பந்தலைப் பூங்கா வாசலில் போடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கு. பானையும் எவர்சில்வர் டம்ளரும், கழுவ ரெண்டு பேரும் போதும். பள்ளி விடுமுறைப் பிள்ளைகளுக்கு கேரம், செஸ், சிலம்பம், குத்துச்சண்டை. சொல்லித்தர நம்ம ஏரியாவில் ஆளுக்கா பஞ்சம்?

▪️ ஆனி, ஆடி: கணக்கெடுங்கள். எத்தனை மரம், எத்தனை விளக்கு எரியுது, குழாயில் தண்ணி வருதா, ஊஞ்சல் சங்கிலி துருப்பிடிச்சிருக்கா. குழியை இப்போதே தோண்டி, மட்கிய எருவும் செம்மண்ணும் போட்டு ஆற விடுங்கள். கடற்கரை மணலில் எரு இல்லாமல் எதுவும் நிக்காது.

▪️ ஆவணி, புரட்டாசி: இதுதான் நடும் நேரம். உப்புக்காத்தைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கன், வேம்பு நடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில், வேர் ஆழம் போகாத தூங்குமூஞ்சியும் குல்மோகரும் எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தோமே. பனை விதைக்கும் இதுவே பருவம். ஒரு சின்ன விஷயம்: கன்றின் கறுப்புப் பையைக் கிழிச்சு எடுத்துட்டு நடுங்க. பையோடு புதைக்கிறவங்க இன்னும் இருக்காங்க.

▪️ ஐப்பசி, கார்த்திகை: கன்றுக்குக் குச்சி கட்டுங்கள். மழை விட்டதும் தேங்காய்ச் சிரட்டை, டயர், உடைஞ்ச தொட்டியில் நிக்கிற தண்ணியைக் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு கொசு வளர்வது இந்த நல்ல தண்ணியில்தான். சாய்ந்த கிளை, அறுந்த கம்பி பக்கம் தோழர்கள் யாரும் போக வேண்டாம். 1913-க்குப் போன் பண்ணி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

▪️ மார்கழி, தை: போகிக்கு டயர் எரிப்பதைத் தெருவிலேயே நிறுத்தணும். ஆலைப் புகை போதாதா நமக்கு? பழைய டயரை, துணியைப் பூங்கா வாசலில் சேர்த்து மாநகராட்சி வண்டியில் ஏத்திவிடலாம். பொங்கலுக்குப் பறையும் கானாவும் சிலம்பமும் பூங்காவில் ஒலிக்கட்டும்.

▪️ மாசி, பங்குனி: உதிரும் இலையை எரிக்க விடாதீர்கள். கன்றின் காலடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிக்கும். மிச்சம் குழியில் மக்கி எருவாகும். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் விளக்கடியில் இடம் ஒதுக்குங்கள்.

ஒரு கன்றுக்கு இரண்டு பேர், மூன்று வருஷம். இதுதான் கணக்கு. ஆயிரம் நட்டு ஆயிரத்தையும் சாகவிடுவதைவிட, முப்பது நட்டு முப்பதையும் காப்பாத்தும் கிளைதான் பெரிய கிளை.

எது தொண்டு, எது கடமை?

கன்றுக்குத் தண்ணி ஊத்துவது, பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது, விழா எடுப்பது தொண்டு. விளக்கு, கழிப்பறை, குடிநீர், காவலாளி, மரக்கிளை வெட்டுவது, வடிகால் தூர்வாருவது கடமை. அதற்குத்தான் சொத்து வரி கட்டுகிறோம். பல பூங்காக்களின் பராமரிப்பு ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்தால், திங்கட்கிழமை அதே வேலைக்கு யாரோ பில் போடுவதற்கு நாம் துணைபோகக் கூடாது. அங்கே வேலை செய்யும் தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி கூலி கிடைக்குதா என்று கேட்பதும் நம் வேலைதான். இலவசமா செய்ய ஆள் இருக்குன்னு அவங்க வேலைக்கு உலை வைக்கும் தொண்டு நமக்கு வேண்டாம்.

2024 அக்டோபரில் நடந்ததை நினைவில் வையுங்கள். ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. பதினாலு பசங்க ஒரு மணி நேரம் பந்து உதைத்தால் 1,680 ரூபாய். வியாசர்பாடியில், காசிமேட்டில் எந்த வீட்டுப் பையனால் இது முடியும்? எதிர்ப்பு கிளம்பியது, தீர்மானம் திரும்பப் போனது. கேட்டதால்தான் போனது. சும்மா இருந்திருந்தால் இன்று வாசலில் டோக்கன் கிழித்துக்கொண்டிருப்பார்கள்.

நமக்கு மட்டும் ஏன் குறைவு?

சென்னை மாநகராட்சியின் வார்டு எண்ணே இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1 முதல் 14 வரை திருவொற்றியூர் மண்டலம். எண்ணில் முதலில் வருகிற நாம், வசதியில் கடைசியில் நிற்கிறோம்.

இதற்கு ஒரு காரணம் விதிமுறையிலேயே இருக்கு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் புதிதாக மனைப்பிரிவோ கட்டடமோ போட்டால், 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும். புதுசு புதுசாக அடுக்குமாடி எழும்பும் இடங்களுக்கு இப்படிப் பூங்கா கிடைக்கும். நூறு வருஷமா வீட்டோடு வீடு ஒட்டி நிக்கிற ராயபுரத்திலும் காசிமேட்டிலும் புது மனைப்பிரிவுக்கு ஏது இடம்? அப்படியானால் இங்கே நிலம் வர வேண்டியது, பயன்படாமல் கிடக்கும் அரசு, ரயில்வே, துறைமுக நிலங்களிலிருந்துதான். பெரம்பூரில் பின்னி மில் மூடிய பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடிகள்தான் எழும்பின. அடுத்து மூடும் ஆலை நிலத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று இப்போதே குரல் கொடுக்கணும்.

2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்கது. அதில் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் எந்த வார்டில் எவ்வளவு செலவானது? பட்டியல் பூங்கா வாசலில் பலகையாக நிற்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்:

1. சில பூங்காக்கள் மத்தியானம் பூட்டிக் கிடக்கு. ஷிப்ட் முடிந்து 2 மணிக்கு வரும் தொழிலாளி எங்கே உட்காருவார்? பகல் முழுவதும் திறக்கணும்.
2. பெண்கள் மாலையில் தைரியமாக வர, எரியும் விளக்கும் பூட்டாத கழிப்பறையும் வேண்டும்.
3. பூங்காவும் திடலும் கட்டணமில்லாமல் இருக்கணும்.
4. காற்றைக் கெடுக்கும் ஆலைகள் பச்சைப்பரப்புக்குச் செலவிடட்டும். ஆனால் வாசலில் கம்பெனி பெயர் வேண்டாம். அது அவர்கள் தரும் தானம் இல்லை, நமக்குத் தர வேண்டிய பாக்கி.

இந்த வாரமே செய்ய வேண்டியது

உங்க வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போங்க. அரை மணி நேரம் சுத்திப் பாருங்க. உடைந்தது, எரியாதது, பூட்டியது எல்லாத்தையும் எழுதி, படம் எடுத்து, 1913-ல் பதிவு பண்ணுங்க. வார்டு பகுதி சபை கூடும்போது அந்தப் பட்டியலோடு எழுந்து நின்று கேளுங்க. பதில் வரலையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்க. 30 நாளில் பதில் தரணும். மாற்றுக் கட்சித் தோழரும் கூட வந்தால் சேர்த்துக்கோங்க. வேப்ப மரத்து நிழல் கரை வேட்டி பார்த்து விழுவதில்லை.

போன வருஷம் உங்க பகுதியில் நட்ட கன்று ஒன்று இன்னும் உயிரோடு இருந்தால், அதன் இன்றைய படத்தைக் கமெண்டில் போடுங்க. தண்ணி ஊத்தியவர் பெயரையும் எழுதுங்க. நட்டவர் பெயர் வேண்டாம்.

#வடசென்னை #மக்கள்பூங்கா #திறந்தவெளி_நம்உரிமை