சமையலறையில் ஓர் அரிச்சுவடி

"குழந்தைதான் நம் பாஷையை வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறதே, படிக்க வேறு சொல்லித் தர வேண்டுமா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்கு இது பெரிய கேள்வி.

1848 வரை அந்தப் பிரதேசம் மெக்ஸிகோவைச் சேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெயரே ஸ்பானிஷ்தான். 'தேவதூதர்கள்' என்று அர்த்தம். ஆனால் ஊரின் பெயரில் இருக்கும் பாஷை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமே! பாடங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடத்தவேண்டும் என்று 1998-ல் அங்கே வாக்கெடுப்பின் மூலம் சட்டம் வந்தது. 2016-ல் இன்னொரு வாக்கெடுப்பு அதை ரத்து செய்தது. இருமொழி வகுப்புகள் உண்டென்றாலும், எல்லாக் குழந்தைகளுக்கும் அவை கிட்டுவதில்லை. இதன் பலன் என்ன? பாட்டியோடு டெலிபோனில் ஸ்பானிஷில் வெளுத்துக் கட்டும் குழந்தை, அதே பாட்டி மெக்ஸிகோவிலிருந்து எழுதும் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விழிக்கிறது!

நீங்களே அந்த வீட்டுத் தாயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நானே நாலாவதுதான் படித்தேன், நான் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று தயங்குவீர்கள். தயங்கவே வேண்டாம். ஸ்பானிஷ் மாதிரி படிக்கச் சுலபமான பாஷை அபூர்வம். உயிர் ஓசைகள் ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலத்தில் 'புட்' என்னும்போது ஒரு விதமாகவும் 'கட்' என்னும்போது வேறு விதமாகவும் ஒலிக்கிற 'யு' இருக்கிறதே, அந்தச் சேஷ்டையெல்லாம் இங்கே இல்லை.

முதல் வாரம் உயிர் ஓசைகள் மட்டும் போதும். பிறகு ஒவ்வொரு மெய்யாகச் சேர்த்து, ம, மெ, மி, மொ, மு என்று சொல்ல வையுங்கள். நம் உயிர்மெய் வரிசையேதான்! ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எழுத்தின் பெயரைச் சொல்லித் தராமல், ஓசையைச் சொல்லித் தாருங்கள். அந்த 'ம்' எழுத்துக்கு ஸ்பானிஷில் 'எமெ' என்று பெயர். 'எமெ'யையும் 'அ'வையும் கூட்டினால் 'ம' என்று வரும் என்பது பாவம், அந்தப் பிஞ்சுக்கு எப்படித் தெரியும்?

ம, ச, ல, ப என்ற நான்கு வரிசைகள் வந்துவிட்டால் சமையலறையே பள்ளிக்கூடம். உப்பு ஜாடியில் 'சால்' என்று எழுதி ஒட்டுங்கள். மேஜையில் 'மேசா' என்று ஒட்டுங்கள். (நம் மேசை போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, இரண்டும் அக்கா தங்கை.) சூப்புக் கிண்ணத்தில் 'சோப்பா'. கையால் தொடும் பண்டத்தின் பெயரைக் குழந்தை சீக்கிரத்தில் மறக்காது. புத்தகம் வேண்டுமானால், பெரு நாட்டு ஆசிரியர் எவெரார்டோ ஸபாட்டா சான்டியானா 1955-ல் வெளியிட்ட 'கோகிட்டோ' என்ற அரிச்சுவடி லத்தீன் அமெரிக்காவில் பிரசித்தமானது.

தடுக்கும் இடங்களும் சில உண்டு. ஆங்கிலத்தில் 'ஈ' என்று பெயருள்ள எழுத்து ஸ்பானிஷில் 'எ' என்று ஒலிக்கும்; 'ஐ' என்று பெயருள்ளது 'இ' என்று ஒலிக்கும். பள்ளியிலிருந்து வந்தவுடன் ஆரம்பித்தால் இரண்டும் குழம்பிவிடும். ஸ்பானிஷுக்குத் தனி நோட்டும் தனி வேளையும் வையுங்கள். 'எச்' என்ற எழுத்து இங்கே வாயே திறக்காது. மாவுப் பொட்டலத்தில் 'ஹரினா' என்பது போல் எழுதியிருந்தாலும் 'அரினா' என்றே படிக்கவேண்டும். 'பப்பா' என்ற சொல்லில் கடைசி எழுத்தின் தலையில் சிறு கோடு இருந்தால் அது அப்பா. கோடு இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு! இதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும்.

தினம் கால் மணி நேரம் போதும். அதட்டல் வேண்டாம். விருந்தாளி முன் நிறுத்திப் பரீட்சை வைப்பதும் வேண்டாம். இரவில் ஒரு கதையை நீங்களே விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டுங்கள்.

"இதனால் இங்கிலீஷ் கெட்டுப் போகாதா?" என்று வீட்டுக்காரர் கேட்கலாம். கெடாது. தாய்மொழியில் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு ஆங்கில வாசிப்பிலும் அது கைகொடுக்கிறது என்றே 2006-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று தன் அறிக்கையில் சொல்லியிருக்கிறது. எழுத்து என்பது ஓசையின் அடையாளம் என்ற சூட்சுமம் ஒரு தடவை பிடிபட்டால் போதும். அதை இன்னொரு பாஷைக்காகத் திரும்பவும் கற்கவேண்டியதில்லை.

பேச்சு மட்டும் போதும் என்று விட்டுவிட்டால், அந்தப் பாஷை குழந்தைக்கு அடுப்பங்கரைப் பாஷையாகவே நின்றுவிடும். அதில் கதை உண்டு, பத்திரிகை உண்டு, பாட்டியின் மனசு உண்டு என்பது தெரியாமலே வளர்ந்துவிடும். இன்றைக்கே உப்பு ஜாடியில் ஆரம்பியுங்கள். அடுத்த கடிதம் வரும்போது உறையைப் பிரிப்பது உங்கள் வேலை. படிப்பது குழந்தையின் வேலை.