காசோலை ரெடி, கமிஷன் ரெடி... ஆஸ்பத்திரி ரெடியா?

தோழர்களே, அஞ்சு நிமிஷம் ஒதுக்கி முழுசா படிங்க. இது மீம் போட்டு கடந்துபோற விஷயம் இல்லை.

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல்னு ஆட்டோவிலும் பைக்கிலும் ஆம்புலன்சிலும் சனம் வந்துகிட்டே இருந்தது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி வழிந்தது. அங்கிருந்து சேலத்துக்கு, விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கு, புதுச்சேரி ஜிப்மருக்கு என்று அனுப்பினார்கள். 65 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? நமக்கு மனப்பாடமா தெரிஞ்ச வரிசைதான். இரங்கல் அறிக்கை. 10 லட்சம் நிவாரணம். கலெக்டர் மாற்றம். எஸ்.பி. சஸ்பெண்ட். ஒருநபர் கமிஷன். டிவியில நாலு நாள் விவாதம். அதோட சரி.

சாராயம் காய்ச்சினவன் யாரு, கண்டும் காணாம விட்டவன் யாருன்னு கேட்கத்தான் வேணும். கேட்டுட்டுதான் இருக்கோம். ஆனா இன்னொரு கேள்வியை யாரும் கேட்கல. ஒரே நாளில் நூறு பேர் உயிருக்குப் போராடிக்கிட்டு வந்தா, அந்த வட்டாரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிகள் எல்லாம் சேர்ந்து என்ன செய்யணும்னு முன்னாடியே எழுதி வச்சு, ஒத்திகை பார்த்து வச்சிருந்தாங்களா?

இது பெரிய கேள்வி. ஏன்னா மெத்தனால் விஷத்தில் நேரம்தான் உயிர். உடம்புக்குள்ள அது ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைத் தாக்கும், அப்புறம் உயிரை எடுக்கும். மாற்று மருந்து இருக்கு, பேரு ஃபோமிபிசோல். டயாலிசிஸ் இருக்கு. ஆனா எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குப்பி மருந்து, எத்தனை டயாலிசிஸ் மெஷின், அதுல இப்போ எத்தனை காலின்னு நோயாளி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். வந்தபிறகு போன் போட்டு விசாரிச்சா, அந்த நேரத்தில் ஒருத்தர் பார்வை போயிடும், இன்னொருத்தர் உயிர் போயிடும்.

இதுல கொடுமை என்ன தெரியுமா? அதுக்கு 13 மாசம் முன்னாடி, 2023 மே மாதம், மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றது. அப்பவும் முண்டியம்பாக்கம், அப்பவும் ஜிப்மர். அதே விஷம், அதே ஆஸ்பத்திரிகள். அந்த அனுபவத்தை வச்சு கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், சேலம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கூட்டுத் திட்டம் போட்டிருந்தா அதை வெளியிடுங்க. போடலைன்னா ஏன் போடலைன்னு சொல்லுங்க.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன். ரிசல்ட் வர்ற அன்னிக்கு எல்லாரையும் ஒரே சர்வருக்கு அனுப்பினா என்ன ஆகும்? கிராஷ் ஆகும். பக்கத்துல பத்து சர்வர் சும்மா கிடக்கும். அதனாலதான் லோடு பேலன்சர் வைக்கிறோம். பெரிய விபத்திலும் இதேதான் நடக்குது. எல்லாரும் கிட்ட இருக்கிற ஒரே ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. நடந்து வரக்கூடிய லேசான காயக்காரங்க கிடைச்ச வண்டியில ஏறி முதல்ல வந்து படுக்கையைப் பிடிச்சிடுவாங்க. உயிருக்குப் போராடுறவர் கடைசியா வருவார். வரும்போது இடம் இருக்காது. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில ஐ.சி.யூ. காலியா கிடக்கும்.

இதை மாத்த முடியாதா? 2013 ஏப்ரல் 15, அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ரெண்டு குண்டு வெடிச்சது. 250 பேருக்கு மேல் காயம், பலருக்குக் கால் போச்சு. சம்பவ இடத்திலேயே இறந்தவர்கள் 3 பேர். ஆனா ஆஸ்பத்திரிக்கு உயிரோட போய்ச் சேர்ந்த ஒருத்தர்கூட சாகலை. அதிர்ஷ்டமும் இருந்தது. மாரத்தானுக்காக மருத்துவக் கூடாரம் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, நகரத்தில் பெரிய ட்ராமா சென்டர்கள் பல இருந்தன. ஆனா அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அந்த நகரத்து ஆஸ்பத்திரிகளும் ஆம்புலன்ஸ்காரங்களும் வருஷக்கணக்கா சேர்ந்து ஒத்திகை பார்த்திருந்தாங்க. ஒரே ஆஸ்பத்திரியில் குவிக்காம காயம்பட்டவங்களைப் பிரிச்சு அனுப்பினாங்க. அந்த நாட்டில் மருத்துவமனைகள் வருஷத்துக்கு ரெண்டு தடவை அவசரகால ஒத்திகை நடத்தணும்னு 2016ல் விதியே போட்டுட்டாங்க.

"அது பணக்கார நாடு, நமக்கு எதுக்கு?"னு ஒருத்தர் கமெண்ட்ல வருவார். அவருக்கு: நம்ம நாட்டிலேயே பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ல் வந்தாச்சு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் திட்டம் வேணும்னு அதுல இருக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007ல் பெருந்திரள் காயமடையும் நேரங்களில் மருத்துவத் துறை எப்படித் தயாரா இருக்கணும்னு தனி வழிகாட்டியே வெளியிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு திட்டம், ஆஸ்பத்திரிகளுக்கு இடையே இணைப்பு, ஒத்திகை எல்லாம் அதுல இருக்கு. காகிதம் இருக்கு. அலமாரியில இருக்கு.

இன்னொரு பதில் வரும்: "108 இருக்கே?" இருக்கு. 2008லிருந்து இருக்கு. அந்த ஊழியர்களுக்கு நாம கையெடுத்துக் கும்பிடணும். ஆனா 108 ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சேர்கிற இடம் தயாரா இருக்கணுமே?

"டி.ஏ.இ.ஐ. அவசர சிகிச்சைத் திட்டம் இருக்கே, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிக்கிறோமே?" நல்ல திட்டம்தான், மறுக்கலை. அது ஒரு ஆஸ்பத்திரியின் வாசலுக்குள்ள நடக்கிற பிரிப்பு. நாம கேட்கிறது ஆஸ்பத்திரிகளுக்கு இடையே நடக்க வேண்டிய பிரிப்பு.

"தனியார் ஆஸ்பத்திரி ஒத்துழைக்காது." ஏன் ஒத்துழைக்காது? 2021 டிசம்பரில் தொடங்கின நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர தனியார் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்திருக்கே. பணம் யார் கொடுப்பாங்கன்னு முன்கூட்டியே எழுதி வச்சா அவங்க வர்றாங்கன்னு இதுவே நிரூபிக்குது. அதே ஏற்பாட்டைப் பெரும் விபத்துக்கும் நீட்டுங்க.

"காசு இல்லை." 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கள்ளக்குறிச்சியும் அதுல ஒண்ணு. கட்டடம் வந்தாச்சு, டாக்டர்கள் வந்தாச்சு. அவங்களை ஒருத்தரோட ஒருத்தர் இணைக்கத்தான் திட்டம் இல்லை. அதுக்குத் தேவை பல கோடி இல்லை, மனசு.

இப்போ கரூருக்கு வர்றேன். 2025 செப்டம்பர் 27. 41 உயிர். யார் தப்புன்னு விசாரணை நடக்கட்டும், இந்தப் பதிவில் அதைப் பேசப்போறதில்லை. அன்னிக்கு ராத்திரி பக்கத்து மாவட்டங்களிலிருந்து டாக்டர்கள் வந்து நின்னாங்க. அவங்களுக்கு நன்றி. ஆனா ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடப்போகுதுன்னு தெரிஞ்ச ஒரு நாளில், எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை டாக்டர் வரணும், எத்தனை யூனிட் ரத்தம் தயாரா இருக்கணும், பிள்ளையைத் தேடி அலையுற அம்மா எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்னு முன்னாடியே முடிவாகி இருக்கணும். கூட்டம் வைக்கிறது எந்தக் கட்சியா இருந்தாலும் சரி.

ஆமா, நம்ம கட்சியும்தான். பந்தலுக்கும் பேனருக்கும் காட்டுற அக்கறையை நாமும் இதுல காட்டணும். இனிமே நம்ம ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கும் முன்னாடி, எவ்வளவு பேர் வருவாங்கன்னு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எழுத்துபூர்வமா தெரிவிக்கணும்னு ஐ.டி. விங் சார்பில் தலைமையைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்தவனைக் கேட்கிற முன்னாடி நம்ம கை சுத்தமா இருக்கணும்.

நம்ம கோரிக்கைகள்:

1. பக்கத்து பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்து ஒரு மண்டலம். மண்டலத்துக்கு ஒரே திட்டம். அரசு, தனியார், இ.எஸ்.ஐ., ரயில்வே ஆஸ்பத்திரி எல்லாம் அதுக்குள்ள வரணும். ஜிப்மர் ஒன்றிய அரசு நிறுவனம், அதனால ஒன்றிய அரசோடும் புதுச்சேரியோடும் எழுத்துபூர்வ உடன்பாடு வேணும்.

2. காலி ஐ.சி.யூ. படுக்கை, வெண்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின், ரத்தம், விஷமுறிவு மருந்து எல்லாம் ஒரே திரையில், நேரலையில் தெரியணும். கொரோனா காலத்தில் படுக்கை நிலவரத்தை இணையத்தில் போட முடிஞ்சுதுல்ல? இதையும் முடியும்.

3. வருஷத்துக்கு ரெண்டு கூட்டு ஒத்திகை. அதுல ஒண்ணு முன்னறிவிப்பு இல்லாம, ராத்திரியில.

4. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு ஒரே எண், ஒரே பட்டியல்.

5. ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்குப் பிறகும் ஆஸ்பத்திரிகளுக்குள் என்ன சரியா நடந்தது, எது தவறினதுன்னு 60 நாளில் வெளிப்படையான அறிக்கை. டாக்டரைப் பலிகடா ஆக்க இல்லை, அடுத்த உயிரைக் காப்பாத்த.

நீங்க செய்ய வேண்டியது: லைக் மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க. உங்க மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு ஆர்.டி.ஐ. மனு போடுங்க. கட்டணம் 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தரணும். மூணே கேள்வி: பெருந்திரள் விபத்துக்கான மருத்துவமனைகளின் கூட்டுத் திட்டம் இருக்கா, நகல் கொடுங்க. கடைசியா கூட்டு ஒத்திகை நடந்த தேதி என்ன? அதுல எந்தெந்த ஆஸ்பத்திரிகள் கலந்துகிட்டன?

வர்ற பதிலை அப்படியே போட்டோ எடுத்து இங்க கமெண்ட்ல போடுங்க. மாவட்ட வாரியா தொகுத்து வெளியிடுறோம். திட்டம் இருக்கிற மாவட்டத்தைப் பாராட்டவும் செய்வோம்.

அடுத்த விபத்து எந்த ஊர்ல, எந்த ராத்திரியில்னு யாருக்கும் தெரியாது. அன்னிக்கு ஆம்புலன்சில் படுத்திருக்கிறவர் எந்தக் கட்சின்னு யாரும் கேட்கப்போறதில்லை. வண்டி எந்தப் பக்கம் திரும்பணும்னு டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

பகிருங்கள் தோழர்களே!

#ஆஸ்பத்திரி_ரெடியா
#கூட்டுத்திட்டம்_எங்கே

தகவல் தொழில்நுட்ப அணி