புலமைப்பரிசில் யாருக்கு?

விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது குழந்தையின் விரல் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றோம். அன்று அயல்வீட்டுப் பிள்ளையின் எழுத்தை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐந்தாந் தரம் வந்ததும் அந்தக் கையை விட்டு வெட்டுப்புள்ளியைப் பற்றிக்கொள்கின்றோம்!

இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. வறிய வீட்டுத் திறமைசாலி நல்ல பாடசாலையிற் புகுதற்குரிய வாயிலே புலமைப்பரிசிற் பரீட்சை. அதனைப் பெற்றோரின் கௌரவத்தை நிறுக்குந் தராசாக்கியவர் யார்? நாமேயன்றோ!

பெற்றோரே! விதைத்த மறுநாள் கதிரை எதிர்பார்க்கும் கமக்காரர் உண்டா? பத்து வயதுப் பாலகன், கூண்டிலேற்றி விசாரித்தற்குரிய எதிரியுமல்லன். மாலையில் ஒரு தனியார் வகுப்பையேனும் நிறுத்துங்கள். அந்நேரத்திற் கதை சொல்லுங்கள், அவன் கேள்விக்கு மறுமொழி கூறுங்கள், விளையாட விடுங்கள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றாலும் அவன் உங்கள் பிள்ளையே.